பொம்மைக்கும் மனச்சான்று உண்டா?

தோற்பாவைக் கூத்தைக் கண்டவர்கள் அறிவார்கள். திரைக்குப் பின்னே அமர்ந்திருப்பவர் ஒருவரே. அரசனும் அமைச்சனும் படைவீரனும் அவருடைய விரல்களின் அசைவிலேயே நடக்கிறார்கள், பேசுகிறார்கள், போரிடுகிறார்கள். கூத்து முடிந்ததும் பாவைகள் பெட்டிக்குள் போய்விடுகின்றன. "நீ ஏன் அந்தக் கொலையைச் செய்தாய்?" என்று எந்தப் பாவையையும் யாரும் கேட்பதில்லை. பாவைக்கு மனச்சான்று இல்லை என்பது அனைவரும் அறிந்தது.

உலக வரலாற்றில் 'பொம்மை அரசு' என்றொரு சொல் வழங்கி வருகிறது. ஒரு நாட்டைப் படைவலிமையால் கைப்பற்றிய வல்லரசு, தானே நேராக ஆளாமல், அந்நாட்டு மக்களுள் சிலரையே ஆட்சிக் கட்டிலில் அமர்த்தி, அவர்களுக்குக் கொடியும் முத்திரையும் அரசியலமைப்பும் அளித்து, கயிற்றை மட்டும் தன் கையில் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு அப்பெயர். பெயர் பொருத்தமானதே. எனினும் அதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. பொம்மை என்று சொல்லிவிட்டால், பொறுப்பு முழுவதும் கயிற்றைப் பிடித்தவனுடையதாகிவிடுகிறது. அந்த நாற்காலியில் அமர்ந்தவரோ தோலாலும் மரத்தாலும் ஆனவர் அல்லர். இறைவனின் சாயலாகப் படைக்கப்பட்ட மனிதர். தீயவனின் கைக்குள் அகப்பட்ட நிலையில், தம் மக்களின் துன்பத்தைச் சிறிதேனும் குறைக்கலாம் என்று எண்ணி அவனுக்குப் பணி செய்வது முறையாகுமா? அல்லது முழுமையாக மறுத்து மடிவதுதான் ஒரே வழியா? இக்கேள்வியையே இங்கு நாம் சிந்திக்க விழைகிறோம்.

ஜப்பானியப் பேரரசு தன் படையெடுப்பின் காலத்தில் இத்தகைய அரசுகள் பலவற்றை உருவாக்கியது. 1932-இல் சீனாவின் வடகிழக்கில் மஞ்சுகுவோ என்னும் அரசு எழுந்தது. சீனத்தின் கடைசிப் பேரரசராயிருந்து முடியிழந்த பூயீ அதன் தலைவராக்கப்பட்டு, 1934-இல் பேரரசராக முடிசூட்டப்பட்டார். 1940-இல் நான்கிங் நகரில் வாங் சிங்வெய் தலைமையில் மற்றோர் அரசு அமைந்தது. 1943 ஆகஸ்டில் பர்மாவில் பா மாவ் தலைமையில் ஓர் அரசு தோன்றியது. அதே ஆண்டு அக்டோபரில் பிலிப்பைன்ஸ் நாட்டிலும் ஒரு 'சுதந்திரக் குடியரசு' பிறந்தது. இவற்றுள் பிலிப்பைன்ஸை நாம் தேர்ந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. ஆசியாவிலேயே மிகுதியான கத்தோலிக்கர் வாழும் நாடு அது. அங்கு எழுந்த அறக் கேள்வி, ஞாயிறுதோறும் திருப்பலியில் நம்மைப் போலவே முழந்தாளிட்ட மக்களின் கேள்வி.

திருநாளன்று வந்த போர்

1941 டிசம்பர் 8, அமலோற்பவ அன்னையின் பெருவிழா. பிலிப்பைன்ஸ் மக்கள் திருப்பலிக்காக ஆலயங்களில் கூடியிருந்த அந்த நாளிலேயே ஜப்பானிய விமானங்கள் அந்நாட்டின்மீது குண்டு வீசத் தொடங்கின. அந்நாடு அப்போது அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1935 முதல் உள்நாட்டுத் தன்னாட்சி பெற்று, 1946-இல் முழு விடுதலை என்ற வாக்குறுதியோடு காத்திருந்தது. டிசம்பர் 24-ஆம் நாள் அதிபர் மனுவேல் கேசோன் தலைநகர் மணிலாவை விட்டுக் கொரெகிதோர் தீவுக்குச் சென்றார். 1942 ஜனவரி 2-ஆம் நாள் ஜப்பானியப் படை மணிலாவுக்குள் நுழைந்தது. ஏப்ரல் 9-இல் பத்தான் வீழ்ந்தது. பல்லாயிரம் பிலிப்பினோ, அமெரிக்கப் போர்க்கைதிகள் கொளுத்தும் வெயிலில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நடத்திச் செல்லப்பட்டு, வழியிலேயே ஆயிரக்கணக்கில் மாண்டனர். மே 6-இல் கொரெகிதோரும் வீழ்ந்தது.

கேசோன் தம்முடன் அனைவரையும் அழைத்துச் செல்லவில்லை. அவருடைய செயலராயிருந்த ஹோர்ஹே வர்காஸ், நீதித்துறையில் புகழ்பெற்றிருந்த ஹோசே லாரல் முதலானோர் தலைநகரிலேயே தங்கினார்கள். மக்களைக் காக்க வேண்டியதைச் செய்யுங்கள், ஜப்பானுக்கு விசுவாசப் பிரமாணம் மட்டும் செய்யாதீர்கள் என்பதே தங்களுக்கு விடப்பட்ட கட்டளை என்று அவர்கள் பிற்காலத்தில் கூறினார்கள். ஆடுகளை ஓநாயின் முன் விட்டுச் செல்லும் மேய்ப்பன், காவல் நாயிடம் எந்த அளவு ஓநாயோடு இணங்கிப் போகலாம் என்று சொல்லிச் செல்வது போன்றது அது. அந்த அளவு எது என்பதைத் தீர்மானிக்கும் சுமை, பின்தங்கியவர்களின் மனச்சான்றின்மேல் விழுந்தது.

இரு நீதிபதிகள்

ஒரே உச்ச நீதிமன்றத்தில் ஒன்றாய் அமர்ந்திருந்த இருவர் இரு வேறு வழிகளில் சென்றார்கள்.

ஹோசே அபாத் சாந்தோஸ் பம்பாங்கா மாநிலத்தைச் சேர்ந்தவர். கேசோன் தலைநகரை விட்டு நீங்கிய அதே நாள்களில் தலைமை நீதிபதியாக நியமிக்கப்பட்டவர். ஆக்கிரமிக்கப்படாத பகுதிகளில் அரசின் பிரதிநிதியாக இருக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. 1942 ஏப்ரலில் செபு தீவில் தம் மகனோடு ஜப்பானியரிடம் பிடிபட்டார். தங்களோடு ஒத்துழைக்குமாறு அவர்கள் கேட்டனர். தாம் ஏற்ற உறுதிமொழிக்கு அது மாறானது என்று கூறி அவர் மறுத்தார். மே மாதத்தில் மின்டனாவோ தீவின் மலாபாங் என்னும் ஊரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இறுதி விடை பெறும் வேளையில், கண்ணீர் விட்ட மகனைத் தேற்றி, தாய்நாட்டுக்காக உயிர்விடும் வாய்ப்பு எல்லாருக்கும் கிட்டுவதில்லை என்ற கருத்துப்பட அவர் பேசியதை அம்மகனே பின்னர் உலகுக்குத் தெரிவித்தார்.

ஹோசே லாரல் பத்தாங்காஸ் மாநிலத்தின் தனாவான் ஊரினர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். போருக்கு முன்பே ஜப்பானோடு தொடர்பு உடையவர்; தம் மகன் ஒருவரை அந்நாட்டு இராணுவக் கல்லூரிக்கு அனுப்பியிருந்தார். ஆக்கிரமிப்பின்போது வர்காஸ் தலைமையில் அமைந்த நிர்வாக ஆணையத்தில் நீதித் துறையையும், பின்னர் உள்நாட்டுத் துறையையும் ஏற்றார். 1943 ஜூன் 5-ஆம் நாள் மணிலாவில் கோல்ஃப் திடலொன்றில் கொரில்லா வீரர்கள் அவரைச் சுட்டனர். அவர் பிழைத்துக்கொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் தேசிய மன்றம் அவரை அதிபராகத் தேர்ந்தெடுத்தது. அக்டோபர் 14-ஆம் நாள் புதிய குடியரசு பிறந்தது. அதுவரை தடை செய்யப்பட்டிருந்த நாட்டுக் கொடி அன்று மீண்டும் ஏறியது. ஸ்பானியருக்கும் அமெரிக்கருக்கும் எதிராக முன்னர்ப் போரிட்ட முதிய தலைவர் எமிலியோ அகினால்டோவே அதை ஏற்றிவைத்தார். கூடியிருந்தவர்களுள் உள்ளம் நெகிழ்ந்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதே நாளில் ஜப்பானோடு ஒரு கூட்டணி உடன்படிக்கையும் கையெழுத்தாயிற்று. கொடி மாறியது; தெருவில் நின்ற படை மாறவில்லை.

அவ்வாட்சியின் கணக்கை நேர்மையாக எழுத வேண்டுமானால் இரு பக்கமும் எழுத வேண்டும். ஜப்பானியர் எவ்வளவோ வற்புறுத்தியும், பிலிப்பினோ இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்க லாரல் இசையவில்லை. அமெரிக்காவின்மீது போர் அறிவிக்கும்படி கேட்டபோது ஏறத்தாழ ஓராண்டு காலம் தட்டிக் கழித்தார். 1944 செப்டம்பரில் வேறு வழியின்றிப் போர்நிலையை அறிவித்தபோதும், கட்டாயப் படைச் சேர்க்கை கிடையாது என்பதில் உறுதியாய் நின்றார். ஜப்பானியரின் சந்தேகத்துக்கு ஆளாகியிருந்த மனுவேல் ரோஹாஸைக் காப்பாற்றினார். இவை அற்பமானவை அல்ல. மறுபக்கத்தில், அவர் 1943 நவம்பர் 5, 6 நாள்களில் டோக்கியோவில் நடந்த பெருங்கிழக்காசிய மாநாட்டில் பங்கேற்றார். ஆசியா விடுதலை பெற்றுவிட்டது என்று உலகுக்குக் காட்ட ஜப்பான் நடத்திய அரங்கில் அவருடைய முகமும் ஒரு சான்றாக நின்றது. அவ்வேளையில் மணிலாவின் சந்தியாகோ கோட்டைச் சிறையில் அவருடைய குடிமக்கள் ஜப்பானிய இராணுவக் காவலரால் வதைக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

திருநூல் காட்டும் இரு முதியோர்

இக்கேள்வி திருநூலுக்குப் புதிதன்று. எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்த பிறகு, நெபுகத்னேசர் மன்னன் யூதருள் ஒருவரான கெதலியாவை எஞ்சிய மக்களுக்கு ஆளுநராக நியமித்தான். இறைவாக்கினர் எரேமியா எங்கும் செல்லும் உரிமை பெற்றிருந்தும், அந்தக் கெதலியாவோடு மிஸ்பாவில் தங்கினார். பாபிலோனியருக்குப் பணிந்து நாட்டிலேயே வாழுங்கள், திராட்சையையும் கனிகளையும் எண்ணெயையும் சேகரியுங்கள் என்று கெதலியா மக்களைத் தேற்றினார். சிதறிப்போயிருந்தவர்கள் திரும்பினார்கள், அறுவடையும் நிறைவாயிருந்தது. ஆனால் அரச குலத்தவனான இஸ்மயேல் அவரோடு பந்தியமர்ந்து உண்டபின் அவரை வெட்டிக் கொன்றான். கெதலியாவைத் துரோகி என்று எரேமியா சொல்லவில்லை. வெற்றி பெற்றவன் அமர்த்திய நாற்காலி என்பதற்காகவே அதில் அமர்வது பாவம் ஆகிவிடாது என்பதற்கு இவ்வரலாறு சான்று.

மக்கபேயர் இரண்டாம் நூல் மற்றொரு முதியவரைக் காட்டுகிறது. தொண்ணூறு வயதான மறைநூல் அறிஞர் எலயாசர், விலக்கப்பட்ட இறைச்சியை உண்ணுமாறு கட்டாயப்படுத்தப்பட்டார். அவர்மேல் பரிவு கொண்ட பழைய நண்பர்கள் அவரைத் தனியே அழைத்து, அனுமதிக்கப்பட்ட இறைச்சியையே கொண்டுவந்து, அரசனின் கட்டளைப்படி உண்பதுபோல் நடிக்கும்படி வேண்டினார்கள். உண்மையில் அவர் சட்டத்தை மீற வேண்டியதில்லை, உயிரும் தப்பும். எலயாசர் மறுத்தார். இத்தனை வயதில் எலயாசர் மாறிவிட்டார் என்று இளைஞர் நினைத்தால், தம் நடிப்பால் அவர்கள் வழிதவறுவார்களே என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

இவ்விருவரையும் அருகருகே நிறுத்திப் பார்க்கும்போது ஒரு வெளிச்சம் கிடைக்கிறது. கெதலியாவிடம் கேட்கப்பட்டது திராட்சை அறுவடை; எலயாசரிடம் கேட்கப்பட்டது ஒரு பொய். அறுவடையை மேற்பார்வையிட்டவர் தம் கையைத் தந்தார். பொய்யை நடித்துக்காட்டுபவரோ தம் பெயரையும் தந்துவிடுகிறார்.

ஏணியைப் பிடிப்பவன்

பிறருடைய தீச்செயலில் நம் பங்கு எது என்பதை நம் திருச்சபையின் அறநெறி இறையியல் நெடுங்காலமாக ஆய்ந்துள்ளது. தலைவன் தீய நோக்கத்தோடு அயலார் வீட்டுச் சன்னலில் ஏறும்போது, அச்சத்தால் அவனுக்குத் தோள் கொடுத்து ஏணி பிடிக்கும் வேலையாளைப் பற்றிய கேள்வி 17-ஆம் நூற்றாண்டில் பெரிதும் பேசப்பட்டது. பெருந்தீங்குக்கு அஞ்சிச் செய்தால் அவ்வேலையாள்மீது சாவான பாவம் இல்லை என்று சிலர் எளிதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். 1679-இல் திருத்தந்தை பதினொன்றாம் இன்னசென்ட் அக்கூற்றைக் கண்டனம் செய்தார். அடுத்த நூற்றாண்டில் புனித அல்போன்ஸ் லிகோரியார் இக்கேள்வியை மேலும் தெளிவாக்கினார். தீயவனின் நோக்கத்தைத் தன் நோக்கமாக ஏற்றுப் பங்கெடுப்பது ஒன்று. அந்நோக்கத்தை ஏற்காமல், தன்னளவில் தீதல்லாத ஒரு செயலைச் செய்ய, அது தீயவனுக்குப் பயன்பட்டுவிடுவது மற்றொன்று. முதலாவது எப்போதும் பாவம். இரண்டாவதை, தக்க காரணத்தையும், தீச்செயலுக்கும் நம் செயலுக்கும் உள்ள தொலைவையும் எடைபோட்டே தீர்மானிக்க வேண்டும்.

ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டில் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியை, மருத்துவமனையில் பணி செய்த கன்னியர், நகராட்சியின் குடிநீரைக் கவனித்த எழுத்தர் ஆகியோரை எவரும் குற்றம் சாட்ட இயலாது. அவர்கள் பணி நின்றிருந்தால் துன்புற்றிருப்பவர்கள் ஏழைகளே. ஒவ்வொருவரும் அபாத் சாந்தோஸாக மாறியிருந்தால் பசித்தவருக்கு அரிசி அளந்திருப்பவர் யார் என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் உண்டு. மறைசாட்சியத்தைத் தேடிச் சென்று ஏற்க வேண்டும் என்று திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை.

ஆயினும் நாற்காலி உயர உயர, ஏணியும் சன்னலும் நெருங்கி வருகின்றன. எழுத்தர் தருவது தம் உழைப்பை. அதிபர் தருவதோ ஆட்சிக்குரிய தகுதியை. ஜப்பானியருக்குப் பிலிப்பைன்ஸில் படைக்குக் குறைவில்லை. அவர்களிடம் இல்லாதது ஒன்றே: இம்மக்கள் எங்களை விரும்பி ஏற்றார்கள் என்று சொல்லக்கூடிய ஒரு மதிப்புக்குரிய பிலிப்பினோவின் பெயர். லாரல் அவர்களுக்குத் தந்தது அதைத்தான். கயிறு பிடித்தவனுக்குப் பொம்மை தேவைப்படுவது அதன் வலிமைக்காக அன்று, அதன் முகத்துக்காக. இத்தகைய நிலையில் துர்மாதிரிகை என்னும் குற்றம் கண்ணுக்குத் தெரியாமல் வளர்கிறது. உயர்ந்தோர் இணங்கினார்கள் என்ற எண்ணமே சிறியோரின் மனத்தடையை உடைத்துவிடுகிறது.

"நான் ஏற்காவிட்டால் என்னினும் கொடியவன் ஏற்பான்" என்ற வாதத்தையும் நாம் சந்திக்க வேண்டும். அது பொய்யான வாதமன்று. 1944-இன் இறுதியில் ஜப்பானியர், பெனிக்னோ ராமோஸ் போன்ற தீவிரர்களைக் கொண்டு மகாபிலி என்னும் ஆயுதக் குழுவை அமைத்தார்கள். லாரல் அதை விரும்பவில்லை. முகத்தை மறைக்கும்படி ஓலைப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கண் வைத்த துளைகள் வழியே பார்த்து, கூட்டத்தில் நிறுத்தப்பட்ட தம் ஊராரையே விரலால் சுட்டிக்காட்டிய ஒற்றர்களின் நினைவு அந்நாட்டில் இன்றும் அச்சத்தோடு பேசப்படுகிறது. அந்த விரல் காட்டியவர் திரும்பி வருவது அரிது. கொடியவர்கள் காத்திருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் லாரல் நாற்காலியில் இருந்ததால் அவர்கள் வராமல் போகவில்லை என்பதும் உண்மை. இவ்வாதத்தின் குறை அங்கேதான் இருக்கிறது. அதற்கு எல்லையே இல்லை. இன்று ஒன்றுக்கு இணங்க அது உதவும். நாளை அதனினும் பெரியதற்கு இணங்கவும் அதே வாதம் அதே வலிமையோடு உதவும். போர் அறிவிப்பில் கையெழுத்திடும் நாளிலும் அது கைகொடுக்கும்.

கேடயம் காக்காத ஊர்

1944 டிசம்பரில் லாரலும் அமைச்சர்களும் பாகியோவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். 1945 பிப்ரவரி 3-ஆம் நாள் தொடங்கி ஒரு மாத காலம் மணிலாவில் போர் நடந்தது. ஜப்பானியப் படையினரின் படுகொலைகளிலும், இரு தரப்புக் குண்டுவீச்சிலும் ஏறத்தாழ 1 லட்சம் பொதுமக்கள் மாண்டார்கள். தெ லா சாலே கல்லூரியின் சிற்றாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த அருட்சகோதரர்களும் குடும்பங்களும் கொன்று குவிக்கப்பட்டனர். மறைமாவட்டப் பேராலயம் இடிந்தது. பழைய மதில் நகரின் ஆலயங்களுள் புனித அகுஸ்தினார் ஆலயம் ஒன்றே நிலைத்து நின்றது. அதே மாதத்தில் பத்தாங்காஸ் மாநிலத்தின் ஊர்கள் பலவற்றில் மக்கள் திரளாகக் கொல்லப்பட்டார்கள். அவ்வூர்களுள் ஒன்று தனாவான். குடியரசுத் தலைவர் லாரல் பிறந்த ஊர்.

தம் மக்களுக்குக் கேடயமாக நிற்பதற்கென்று நாற்காலியை ஏற்றவரால், தாம் பிறந்த ஊரைக்கூடக் காக்க இயலவில்லை. இதை அவர்மீது பழி சுமத்தச் சொல்லவில்லை. அந்த வேதனையை அவர் எவ்வாறு தாங்கினாரோ இறைவனே அறிவார். நாம் சொல்ல விரும்புவது இதுவே: பொம்மை அரசு என்பது, பொம்மையின் நல்லெண்ணம் எதையும் தீர்மானிக்க இயலாதபடி அமைக்கப்பட்ட ஓர் ஏற்பாடு. அதனுள் நுழைபவர் தம் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நுழையலாகாது. எந்த நாளில், எந்தக் கட்டளையின்போது எழுந்து வெளியேறுவேன் என்ற எல்லையை நுழையும் முன்பே இறைவன் திருமுன் வகுத்துக்கொள்ள வேண்டும். எல்லையை வகுக்காமல் அமர்ந்தவனுக்கு எழுந்திருக்க வேண்டிய நேரம் ஒருபோதும் வந்ததாகத் தோன்றாது. லாரல் கட்டாயப் படைச் சேர்க்கையில் ஓர் எல்லையை வகுத்துக்கொண்டார். அதில் அவர் உறுதியாய் நின்றதால் எத்தனையோ தாய்மார்களின் மக்கள் காக்கப்பட்டார்கள். மற்றவற்றிலும் அவ்வாறே நின்றிருக்கலாகாதா என்பதுதான் நம் நெஞ்சில் எழும் ஏக்கம்.

ஒரே வாரத்தின் மூன்று நாள்கள்

இவ்வரலாறு நம் தமிழ் மக்களுக்கு முற்றிலும் அயலானதன்று. 1943 அக்டோபர் 14-இல் மணிலாவில் குடியரசு பிறந்தது. அக்டோபர் 21-இல் சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். மலேயாத் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ் இளைஞர்களும் இளம்பெண்களும் அவர் படையில் ஆர்வத்தோடு சேர்ந்தார்கள். இவ்விரு நாள்களுக்கும் நடுவே, அக்டோபர் 17-இல், சயாம் - பர்மா இரயில் பாதையின் இரு முனைகளும் ஒன்றாக இணைக்கப்பட்டன. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்காக அதே தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரவர் காலராவிலும் பட்டினியிலும் காட்டிலேயே மடிந்தார்கள். ஆசியருக்கு விடுதலை தருகிறோம் என்று ஒரு கையால் கொடியை நீட்டிய பேரரசு, மறு கையால் ஆசியரையே அடிமைகளாக்கிப் புதைத்தது. நேதாஜியின் நாட்டுப்பற்றை ஐயுறுவது நம் நோக்கமன்று. டோக்கியோ மாநாட்டிலும் அவர் பார்வையாளராகவே அமர்ந்தார். ஆனால் கொடி நீட்டிய கையை மட்டும் கண்டு மறு கையைக் காணாதிருப்பது எவ்வளவு எளிது என்பதை அந்த ஒரு வாரம் நமக்குக் கற்பிக்கிறது.

மன்னிப்பும் உண்மையும்

1945 ஆகஸ்ட் 15-இல் ஜப்பான் சரணடைந்தது. ஜப்பானுக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்த லாரல், ஆகஸ்ட் 17-இல் நாரா நகரிலிருந்து தம் குடியரசு கலைந்ததாக அறிவித்தார். சிறையில் அடைக்கப்பட்டு, 1946-இல் தாயகம் கொண்டுவரப்பட்டு, 132 துரோகக் குற்றச்சாட்டுகளுக்கு உள்ளானார். எதிரியோடு ஒத்துழைத்தோரை விசாரிக்க அமைந்த மக்கள் நீதிமன்றத்தில் 5,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் குவிந்தன. ஆனால் அதற்குள் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவர் மனுவேல் ரோஹாஸ். அவரும் லாரலின் அரசில் பணியாற்றியவரே. 1943-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் கையெழுத்திட்டவரே. 1948 ஜனவரியில் அவர் பொது மன்னிப்பை அறிவித்தார். அரசியலிலும் பொருளாதாரத்திலும் ஒத்துழைத்தவர்கள் விடுவிக்கப்பட்டார்கள்; ஆயுதம் ஏந்தியோருக்கும் ஒற்றர்களுக்கும் அம்மன்னிப்பு இல்லை. லாரலின் வழக்கு தீர்ப்பின்றி முடிந்தது. 1949-இல் அதிபர் தேர்தலில் நின்று தோற்றார். 1951-இல் செனட் அவைக்கு அனைவரினும் அதிக வாக்குகளோடு தேர்ந்தெடுக்கப்பட்டார். 1959-இல் மறைந்தார். இன்று அந்நாட்டு அதிபர்களின் அதிகாரப்பூர்வ வரிசையில் மூன்றாமவராக அவர் இடம்பெறுகிறார். 1991-இல் வெளியான 1,000 பெசோ பணத்தாளில் முகம் பதிக்கப்பெற்றவர்களுள் ஒருவர் அபாத் சாந்தோஸ். நாடு இருவரையும் தன்னுள் ஏற்றுக்கொண்டது.

இம்மன்னிப்பு நல்லதா? பகைமையைத் தொடராமல் விட்டது நல்லது என்றே கிறிஸ்தவ உள்ளம் கூறும். எனினும் நம் நம்பிக்கை கற்பிக்கும் ஒப்புரவு இதனினும் ஆழமானது. மனம் வருந்துதல், குற்றத்தை அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல் ஆகியவை ஒப்புரவு அருளடையாளத்தின் உறுப்புகள். அறிக்கை இல்லாத மன்னிப்பு, சீழை அகற்றாமல் காயத்தைத் தைப்பது போன்றது. நீதிமன்றத்தில் உண்மை வெளிவந்திருந்தால், லாரல் விடுதலை பெற்றிருக்கவும் கூடும். அவர் தடுத்த தீமைகளும் ஏட்டில் ஏறியிருக்கும். தீர்ப்பும் இல்லை, அறிக்கையும் இல்லை. ஓலைப்பை அணிந்த ஏழைக் குடியானவன் தண்டனையை எதிர்நோக்கி நிற்க, கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்தவர் அவைக்குத் திரும்பினார் என்ற கசப்பு மக்கள் மனத்தில் எஞ்சியது. இறைவனின் நீதி ஆள் பார்த்து நடப்பதில்லை. மனிதர் வழங்கும் இரக்கமும் ஆள் பார்த்து நடக்கலாகாது.

நம் கையொப்பம்

தீர்ப்பு வழங்கும் உரிமை நமக்கு இல்லை. துப்பாக்கி முனையில் நில்லாதவர்கள் நாம். தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுரு, ஒரு பணிப்பெண்ணின் கேள்விக்கே நிலைகுலைந்தார் என்பதை மறந்து நாம் பேசலாகாது. அவரைத் தூக்கி நிறுத்தியது, பின்னர் அவர் சிந்திய கண்ணீர். தம் செயலுக்கு அவர் வேறு பெயர் சூட்டவில்லை. சூழ்நிலையைக் காரணம் காட்டவும் இல்லை. அதே பேதுருதான் பின்பு தலைமைச் சங்கத்தின் முன் நின்று, மனிதருக்குக் கீழ்ப்படிவதினும் கடவுளுக்குக் கீழ்ப்படிவதே கடன் என்று அஞ்சாமல் அறிக்கையிட்டார்.

நம்முள் எவரையும் எந்தப் பேரரசும் அதிபராக்கப் போவதில்லை. ஆனால் நம் பெயரையும் கையொப்பத்தையும் கேட்பவர்கள் நாள்தோறும் வருகிறார்கள். அலுவலகத்தில் ஒரு பொய்க் கணக்கின் கீழே, ஊர்க்கூட்டத்தில் எளியவர் ஒருவரை ஒதுக்கும் தீர்மானத்தின் கீழே, குடும்பத்தில் ஒருவருக்கு உரியதைப் பறிக்கும் பத்திரத்தின் கீழே நம் பெயர் வேண்டும் என்கிறார்கள். நாம் இடாவிட்டால் வேறொருவர் இடுவார் என்றும், உள்ளே இருந்தால்தான் நல்லது செய்யலாம் என்றும் சொல்கிறார்கள். அப்போது நாம் நம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நன்று. இவர்கள் கேட்பது என் உழைப்பையா, என் பெயரையா? என் பெயரைக் கண்டு வழிதவறப் போகிறவர் யார்? எழுந்து வெளியேற வேண்டிய எல்லையை நான் முன்கூட்டியே வகுத்திருக்கிறேனா?

கூத்து முடிந்ததும் பாவைகள் பெட்டிக்குள் போய்விடுகின்றன. நமக்கு அவ்வாறு முடிவதில்லை. திரைக்குப் பின்னால் நம்மை ஆட்டியவர் யார் என்று இறுதி நாளில் ஆண்டவர் கேட்கக்கூடும். ஆனால் அதற்கு முன், நம் பெயரைச் சொல்லி அழைத்து, நம் கையைக் காட்டச் சொல்வார். அந்நாளில் நாம் காட்டும் கை, தவறியிருந்தாலும் மறைக்கப்படாத கையாக இருக்க இப்போதே அவரிடம் மன்றாடுவோம்.